பிளாக் டைம், ஏர் டிஸ்டன்ஸ்: தமிழில் என்ன சொல்வது?

வணக்கம். விமானப் பயணக் கணிப்பிக்கான சொற்பட்டியலில் ஃப்ளைட் டைம், பிளாக் டைம் இரண்டுக்கும் ‘பறப்பு நேரம்’ என்றே இருக்கிறது. ‘கட்டை நேரம்’ என்று மாற்றிப் பார்த்தோம், ஒட்டவில்லை. ஏர் டிஸ்டன்ஸுக்கு ‘வான்வழித் தொலைவு’ சரிதானா?

———

> இரண்டுக்கும் ‘பறப்பு நேரம்’ என்றே

குழப்பம் மூலத்திலேயே உண்டு. ஐ.சி.ஏ.ஓ. (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) வரையறைப்படி, மேலெழும் நோக்கத்துடன் விமானம் முதலில் அசைவதிலிருந்து பயணம் முடிந்து கடைசியாக நிற்கும்வரை ஃப்ளைட் டைம். ஓடுபாதைக்கு ஊர்வதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் சேர்த்தி. ஆக, அதுவும் பிளாக் டைமும் ஒன்றே. அதைப் ‘பறப்பு நேரம்’ என்றால் தரையில் நின்ற அரைமணியும் பறந்த கணக்கில் ஏறிவிடும்.

‘பிளாக்’ என்பது சக்கரத்துக்கு அண்டைகொடுக்கும் முட்டுக்கட்டை. நம் காதில் முட்டுக்கட்டை என்றாலே இடைஞ்சல்தான், அதை விட்டுவிடலாம். தேர் நிலையை விட்டுக் கிளம்பியது, நிலைக்கு வந்தது என்கிறோமே, அந்த ‘நிலை’ போதும். விமானத்தில் தானாகப் பதிவாகும் நேரங்கள் நான்கு: நிலைவிடல், தரைவிடல், தரைதொடல், நிலைசேரல். முதலுக்கும் கடைசிக்கும் நடுவே ‘நிலையிடை நேரம்’. உள்ளே இருக்கும் இரண்டுக்கும் நடுவே ‘பறப்பு நேரம்’. கால அட்டவணையில் வருவது நிலையிடை நேரம். புறப்பாடு, வருகை இரண்டும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும்; யுடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றாமல் கழித்தால் விடை தப்பும்.

> ‘வான்வழித் தொலைவு’ சரிதானா?

வேண்டாம். படிப்பவர் விமானம் போகும் பாதையின் நீளம் என்றே எடுத்துக்கொள்வார். ஏர் டிஸ்டன்ஸ் என்பது காற்றுக்குள் விமானம் கடந்த தொலைவு. ‘வளித்தொலைவு’ எனலாம், பாதையின் நீளத்துக்குத் ‘தரைத்தொலைவு’. 9,000 கி.மீ. தரைத்தொலைவு, காற்றில் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வையுங்கள். பின்காற்று 150 கி.மீ. என்றால் 8 மணி 34 நிமிடம், வளித்தொலைவு சுமார் 7,714 கி.மீ. அதே காற்று எதிரே வந்தால் 12 மணி, 10,800 கி.மீ. எரிபொருள் செலவு வளித்தொலைவைத்தான் பின்தொடரும். 2016இல் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக் பக்கம் திருப்பியபோது பாதை சுமார் 1,400 கி.மீ. கூடியது, பின்காற்றால் நேரமோ குறைந்தது.

கிரேட் சர்க்கிள் டிஸ்டன்ஸுக்கு, அதாவது பூமியின் பரப்பை ஒட்டி இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள மிகக் குறைந்த தொலைவுக்கு, ‘பெருவட்டத் தொலைவு’ அப்படியே இருக்கட்டும். சில பக்கங்களில் ‘நேர்கோட்டுத் தொலைவு’ என்றிருப்பதை எடுத்துவிடுங்கள். நேர்கோடு பூமியைத் துளைத்துக்கொண்டல்லவா போகும்! ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டால், பெருவட்டத்தில் 10,000 கி.மீ. இருப்பது நேர்கோட்டில் 9,000 சொச்சம்தான்.

———

வளித்தொலைவுக்கு என் ஆதரவு. ‘நிலை’தான் இடிக்கிறது: ஃப்ளைட் லெவலைப் ‘பறப்பு நிலை’ என்று ஏற்கெனவே பட்டியலில் போட்டிருக்கிறோம்.

———

அதை ‘பறப்பு மட்டம்’ ஆக்கிவிடலாம், அது உயரத்தைக் குறிப்பதுதானே. ‘நிலை’ தனிச்சொல்லாகப் பட்டியலில் வேண்டாம். நிலைவிடல், நிலைசேரல், நிலையிடை ஆகிய மூன்று கூட்டுச்சொற்களில் மட்டும் வரட்டும்.