ஜீப் செரோக்கியில் டொயோட்டாவின் தானியங்கி கியர்பாக்ஸ் பொருந்துமா?

அஜ்மான்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1996ஆம் ஆண்டின் ஜீப் செரோக்கி ஒன்று இருக்கிறது. 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், ஏடபிள்யூ4 எனப்படும் நான்கு கியர் தானியங்கி கியர்பாக்ஸ், இழுவையை முன்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் என்பி231 டிரான்ஸ்ஃபர் கேஸ். எஞ்சினில் எந்தக் குறையும் இல்லை. கியர்பாக்ஸ்தான் சில மாதங்களாகத் தகராறு செய்கிறது. முதல் இரண்டு கியர்களும் ஒழுங்காக விழுகின்றன. மூன்றாவதுக்கு மாறும்போது எஞ்சின் உறுமிக்கொண்டு சுற்று ஏறுகிறதே தவிர, வண்டி வேகம் எடுப்பதில்லை. ரிவர்ஸில் போட்டால் சற்றுத் தாமதித்தே நகர்கிறது. நன்றாகச் சூடேறிய பிறகு, எங்கள் குடியிருப்பின் நிலத்தடி வாகன நிறுத்தத்திலிருந்து பின்னோக்கி மேடேறவே மறுக்கிறது. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் கறுத்துப்போய், தீய்ந்த வாடை அடிக்கிறது.

ஷார்ஜாவின் பழைய உதிரிபாகக் கடைகளில் விசாரித்தேன். செரோக்கியின் கியர்பாக்ஸ் நல்ல நிலையில் கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் விலை மிகுதி. அதே கடைகளில் டொயோட்டாவின் ஏ340 வகை கியர்பாக்ஸ்கள் அடுக்கிக் கிடக்கின்றன. "இரண்டையும் செய்தது ஒரே கம்பெனி, அப்படியே மாட்டிக்கொள்ளலாம்" என்கிறார் ஒரு கடைக்காரர். இன்னொரு கடையில் 1995ஆம் ஆண்டு கிராண்ட் செரோக்கியிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸ் ஒன்று மலிவாக வருகிறது, அதுவும் 4.0 லிட்டர் எஞ்சினோடு ஓடியதுதான். இந்த இரண்டில் எதை வாங்கினால் வேலை குறையும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பற்சக்கரம் எழுதியது:

கிராண்ட் செரோக்கியின் கியர்பாக்ஸை முதலில் ஒதுக்கிவிடுங்கள். எஞ்சின் ஒன்றுதான் என்பதால் பலர் ஏமாறும் இடம் அது. 1993 மாடலாக வெளிவந்த தொடக்ககால கிராண்ட் செரோக்கிகளில் மட்டுமே 4.0 எஞ்சினுடன் ஏடபிள்யூ4 வந்தது. அதன் பிறகு கிரைஸ்லரின் சொந்தத் தயாரிப்பான 42ஆர்ஈ அந்த இடத்துக்கு வந்துவிட்டது. 42ஆர்ஈயில், எஞ்சினோடு சேரும் முன்கூடான பெல் ஹவுசிங் உடலோடு சேர்த்தே வார்க்கப்பட்டது; அதை இயக்கும் மின்சார ஏற்பாடு வேறு, ஒயரிங் வேறு, ஆயில்கூட வேறு. உங்கள் வண்டியின் கணினிக்கு அதனோடு பேசவே தெரியாது.

டொயோட்டா விஷயத்தில் கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. டொயோட்டா தரப்பும் அமெரிக்காவின் போர்க்வார்னரும் 1969இல் கூட்டாகத் தொடங்கிய ஐசின் வார்னர் நிறுவனத்தின் தயாரிப்புகள்தான் இரண்டும். ஏ340ஈ, ஜீப்பின் ஏடபிள்யூ4, வோல்வோ 960இல் வந்த ஏடபிள்யூ30-40 ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். முதல் கியர் விகிதம் 2.80, இரண்டாவது 1.53, மூன்றாவது நேரடி என்பது வரை ஒற்றுமை இருக்கிறது. நான்காவது மட்டும் ஜீப்பில் 0.75, டொயோட்டாவின் பல வகைகளில் 0.705. 3.55 அச்சு விகிதத்தோடு 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இதனால் எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 குறையும். அது ஒரு பொருட்டே அல்ல.

சிக்கல் முன்முகத்திலும் பின்முகத்திலும் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் பெல் ஹவுசிங் தனியாகக் கழன்று வரும் என்பதால், உங்கள் ஜீப்பின் பெல் ஹவுசிங்கை டொயோட்டா உடலில் மாட்டிப் பார்க்க இடமுண்டு. அதை நீங்கள் கட்டாயம் வைத்துக்கொள்ளவும் வேண்டும். ஏனெனில் எஞ்சினின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் அந்தப் பெல் ஹவுசிங்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அது படிப்பது, எஞ்சினோடு சுழலும் வட்டத் தகடான ஃபிளெக்ஸ் பிளேட்டின் விளிம்பில் நான்கு நான்காக மூன்று கூட்டங்களில் வெட்டப்பட்டிருக்கும் 12 காடிகளை. இந்தக் காடிகளின் அமைப்பு 1990 வரை வேறு, 1991 முதல் வேறு. ஆகவே, ஜீப்பிலேயே பழைய ஆண்டின் ஃபிளெக்ஸ் பிளேட்டைப் போட்டாலும் எஞ்சின் கிளம்பாது. டொயோட்டாவினுடையதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைப் பொறுத்தவரை, உள்தண்டின் ஸ்பிளைன் எனப்படும் பல்வரிசை, பம்புக்குள் நுழையும் கழுத்தின் விட்டம், கிராங்க்கின் நடுக்குழியில் அமரும் மூக்கு ஆகிய மூன்றையும் அளந்து பார்க்காமல் எந்தச் சேர்க்கையையும் நம்பக் கூடாது.

பின்முகம் இதைவிடக் கடினம். பின்சக்கர இயக்கத்துக்கான ஏ340ஈயில் வெளித்தண்டு நீளமாக, வால் ஹவுசிங்குக்குள் போய் முடியும். உங்களுக்கு வேண்டியதோ என்பி231க்குள் நுழையும் குட்டையான தண்டு, அதற்கான அடாப்டர் ஹவுசிங். 1991ஆம் ஆண்டு நடுவில் ஜீப்பே இந்தத் தண்டின் ஸ்பிளைனை 21 பற்களிலிருந்து 23 பற்களுக்கு மாற்றிவிட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். செரோக்கியின் கியர்பாக்ஸ் கிடைத்தால்கூடப் பற்களை எண்ணிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நான்கு சக்கர இயக்கம் கொண்ட டொயோட்டாக்களின் ஏ340எஃப் அவர்களுடைய டிரான்ஸ்ஃபர் கேஸுக்கே பொருந்தும். ஏ340எச் என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். அதில் டிரான்ஸ்ஃபர் கேஸும் கியர்பாக்ஸின் ஆயில் அழுத்தத்திலேயே இயங்கும்படி ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும்.

ஜீப்பின் வெளித்தண்டை டொயோட்டா உடலுக்குள் மாற்ற வேண்டுமானால் அந்தக் கியர்பாக்ஸை முழுவதும் பிரித்தாக வேண்டும். பிரிப்பதென்று முடிவாகிவிட்ட பிறகு, முன்னும் பின்னும் ஏற்கெனவே பொருந்தி இருக்கிற உங்கள் கியர்பாக்ஸையே பிரிக்கலாமே.

மஸ்கட் பட்டறை எழுதியது:

தம்பி, எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு காசு செலவில்லை. முன்பயணி பக்கம், டாஷ்போர்டுக்குக் கீழே கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, அதன் கனெக்டரைப் பிடுங்கிவிடுங்கள். இப்போது கியர்பாக்ஸ் முழுக்க உங்கள் கைக்குக் கட்டுப்பட்டது: லீவர் 1-2இல் இருந்தால் முதல் கியர், 3இல் இருந்தால் மூன்றாவது, டியில் இருந்தால் நான்காவது. இரண்டாவது கியர் மட்டும் கிடைக்காது. அப்படி ஓட்டும்போது மூன்றாவது ஒழுங்காகப் பிடித்தால் குறை மின்சாரத்தில். அப்போதும் வழுக்கினால் குறை உள்ளே.

நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் உள்ளேதான் என்று தோன்றுகிறது. இந்தக் கியர்பாக்ஸில் டைரக்ட் கிளட்ச் என்று ஒன்று உண்டு. முதல் கியரிலும் இரண்டாவதிலும் அதற்கு வேலையில்லை. மூன்றாவது, நான்காவது, ரிவர்ஸ் ஆகிய மூன்றிலும் அது பிடித்தாக வேண்டும். மூன்றாவதும் ரிவர்ஸும் சேர்ந்து கெட்டு, முதல் இரண்டும் நன்றாக இருந்தால், வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

அஜ்மான்வாசி எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. கனெக்டரைப் பிடுங்கிவிட்டு வெள்ளிக்கிழமை அதிகாலையில், சாலை வெறிச்சோடி இருந்தபோது ஓட்டிப் பார்த்தேன். 1-2இல் நல்ல இழுவை. 3க்குத் தள்ளியதும் அதே உறுமல், டியிலும் அப்படியே. கியர்பாக்ஸின் மின்வால்வுகளான சொலினாய்டுகளின் மின்தடையையும் மீட்டரில் பார்த்தேன். மூன்றும் 13 ஓம் அளவில் காட்டின. இதற்குள் இங்கே ஒரு பட்டறையில் காட்டியபோது, ரிப்பேர் செய்ய இயலாது, முழு கியர்பாக்ஸையும் மாற்றுவதே வழி என்று திறந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார்கள். செரோக்கிக்கான கிளட்ச் பிளேட்டுகள் இங்கே கிடைக்குமா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

கோவை ஜீப்பர் எழுதியது:

சொலினாய்டுகளுக்கு 11 முதல் 15 ஓம் வரை இருக்கலாம். ஆகவே அவற்றை விட்டுவிடலாம்.

ஆனால் பற்சக்கரம் சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. டொயோட்டா கியர்பாக்ஸ் உதவவே உதவாது என்பதைப்போல அவருடைய பதில் ஒலிக்கிறது. நான்கு சக்கர இயக்கம் தேவையில்லாத ஒருவருக்கு, டிரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றிவிட்டு, நீண்ட வால் கொண்ட ஏ340ஈயை ஜீப்பின் பெல் ஹவுசிங்கோடு சேர்த்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை அதற்கேற்பச் செய்துகொள்ளும் வழி இருக்கத்தான் செய்கிறது. இரண்டிலும் கியரைத் தேர்வு செய்வது இரண்டு சொலினாய்டுகள், கன்வெர்ட்டரை நேரடியாகப் பூட்டும் லாக்கப்புக்கு இன்னொன்று. எந்த கியருக்கு எது திறக்க வேண்டும் என்ற ஒழுங்கும் ஒன்றே: முதல் கியருக்கு முதலாவது மட்டும், இரண்டாவதுக்கு இரண்டும், மூன்றாவதுக்கு இரண்டாவது மட்டும், நான்காவதுக்கு எதுவுமில்லை. எனவே ஒயரை இடம் பார்த்து இணைத்தால் ஜீப்பின் பெட்டி டொயோட்டா கியர்பாக்ஸை மாற்றி இயக்கும். சாலையில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு இது தவறான யோசனை அல்ல.

பற்சக்கரம் எழுதியது:

கோவை ஜீப்பர் சொல்லும் ஒழுங்கு சரியானதுதான்; மின்சாரப் பக்கம் பெரிய தடையில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெட்டிக்கு வேகம் எவ்வளவு என்ற தகவல் வெளித்தண்டின் சென்சாரிலிருந்து வர வேண்டும். அந்தச் சென்சார் ஜீப்பின் அடாப்டர் ஹவுசிங்கில் இருக்கிறது. டொயோட்டாவினுடையது அனுப்பும் துடிப்பு எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் கியர் மாற்றங்கள் எல்லாம் தவறான வேகத்தில் நிகழும். புது ஷாஃப்ட், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் மாற்றம், கியர் லீவர் இணைப்பு, நியூட்ரல் சுவிட்ச் என்று செலவு ஒவ்வொன்றாகச் சேரும். அஜ்மான்வாசியோ என்பி231 வைத்திருக்கிறார். வார இறுதியில் மணல்மேடு ஏறாதவர் அந்த ஊரில் எதற்கு ஜீப் வைத்திருக்கப் போகிறார்?

டொயோட்டா உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் வேறு. கிளட்ச் பிளேட்டுகள், ஸ்டீல் பிளேட்டுகள், சீல்கள் ஆகியவற்றில் பெரும்பகுதி இந்தக் குடும்பத்துக்குப் பொதுவானவை. ஏ340க்கான ஓவர்ஹால் செட்டுகள் பல, ஏடபிள்யூ4க்கும் சேர்த்தே விற்கப்படுகின்றன. டொயோட்டா கியர்பாக்ஸ் மலைபோலக் கிடக்கும் ஊரில் அந்தச் செட் கிடைக்காமல் போகாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டைரக்ட் கிளட்ச்சில் எத்தனை பிளேட்டுகள் என்பது எஞ்சினைப் பொறுத்து மாறும். செட்டில் வந்த எண்ணிக்கையைப் பார்க்காமல், உங்கள் டிரம்மிலிருந்து எடுத்ததை எண்ணி, அதே எண்ணிக்கையில் போட்டு, இடைவெளியை அளந்து மூடச் சொல்லுங்கள்.

மஸ்கட் பட்டறை எழுதியது:

பிளேட் எரிந்தது விளைவு. காரணத்தையும் தேட வேண்டும். இத்தனை வயதான வண்டியில் டைரக்ட் கிளட்ச் பிஸ்டனின் ரப்பர் சீல்கள் பிளாஸ்டிக் போல இறுகிப்போயிருக்கும். அழுத்தம் அவற்றின் ஓரமாகக் கசிந்துவிட, பிளேட் அரைகுறையாகப் பிடித்து எரியும். புது சீல் போட்ட பிறகு, மூடுவதற்கு முன், அந்த ஆயில் துளையில் காற்றைச் செலுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிஸ்டன் 'டொக்' என்று அடித்து நிற்க வேண்டும்; உஸ்ஸென்று நீண்ட சத்தம் வந்தால் சீல் சரியாக அமரவில்லை.

இரண்டாவது காரணம் திராட்டில் கேபிள். பலர் அதை, ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது கீழ் கியருக்கு இறக்கும் வெறும் கிக்டவுன் கேபிள் என்று நினைக்கிறார்கள். கியர் எப்போது மாற வேண்டும் என்பதைப் பெட்டி முடிவு செய்யும்; எவ்வளவு அழுத்தத்தில் கிளட்ச் பிடிக்க வேண்டும் என்பதை இந்தக் கேபிள் முடிவு செய்யும். தளர்ந்திருந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அழுத்தம் போதாமல் கிளட்ச் வழுக்கி எரியும். சரிசெய்வது எளிது: திராட்டில் அருகே உள்ள பொத்தானை அழுத்தியபடி கேபிளின் உறையை உள்ளே தள்ளி, பொத்தானை விட்டுவிட்டு, திராட்டிலைக் கையால் முழுவதும் திறங்கள், கடகடவென்று தானாகவே அளவில் வந்து நிற்கும்.

கழற்றும்போது கிராங்க் சென்சாரை முதலில் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கியர்பாக்ஸை இறக்கும்போது நசுங்கும். பெல் ஹவுசிங்கின் மேலே உள்ள இரண்டு போல்ட்டுகளுக்குச் சாதாரண ஸ்பானர் ஏறாது. ஈ12 அளவு டார்க்ஸ் சாக்கெட்டும் நீண்ட எக்ஸ்டென்ஷனும் வேண்டும். குறுக்குச் சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தினால் பின்னாலிருந்து எட்டலாம்.

மாட்டும்போது கன்வெர்ட்டரைச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். படிப்படியாக இறங்கிப் பம்பில் போய்க் கோத்துக்கொள்ள வேண்டும். பெல் ஹவுசிங் எஞ்சினோடு முழுவதும் ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும். ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளி இல்லாமல் போல்ட்டை இறுக்கியே பெல் ஹவுசிங்கைச் சேர்த்தீர்களானால் பம்ப் உடைந்துவிடும். எரிந்த பிளேட்டின் தூள் கன்வெர்ட்டரில் தங்கியிருக்கும் என்பதால் அதையும் மாற்றுங்கள் அல்லது வெட்டிச் சுத்தம் செய்து வாங்குங்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலரை இருபக்கமும் கழுவுங்கள். உங்கள் ஊர் வெயிலுக்கு வெளிக்கூலர் ஒன்றைச் சேர்த்துக்கொள்வதும் நல்லது.

ஆயில் டெக்ஸ்ரான் 3 வகைதான். ஜீப் என்ற பெயரைப் பார்த்துவிட்டுக் கடையில் கிரைஸ்லருக்கான ஏடிஎஃப்+4ஐ எடுத்துக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். காலியான கியர்பாக்ஸுக்கும் கன்வெர்ட்டருக்கும் சேர்த்துச் சுமார் 8 லிட்டர் பிடிக்கும். ஒரேயடியாக ஊற்றாமல், பாதிக்கு மேல் ஊற்றி எஞ்சினைக் கிளப்பி, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோய் வந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியை ஊற்றுங்கள்.

அஜ்மான்வாசி எழுதியது:

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். ஷார்ஜாவில் டொயோட்டா தானியங்கி கியர்பாக்ஸ் மட்டுமே பிரிக்கும் மலையாளி மெக்கானிக் ஒருவர், கியர்பாக்ஸைக் கழற்றிக் கொண்டுவந்தால் செய்துதருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். திராட்டில் கேபிளைப் பார்த்தபோது உறை முழுவதும் வெளியே வந்து தளர்ந்து கிடந்தது. அதைச் சரிசெய்துவிட்டேன், கிளட்ச்சுக்கு அது காலம் கடந்த வைத்தியம்தான். கன்வெர்ட்டரைப் புதிதாக வாங்குவதா, வெட்டிச் சுத்தம் செய்வதா என்பதை மட்டும் அவர் பிரித்துப் பார்த்த பிறகு முடிவு செய்கிறேன்.