ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின்: கொள்கையும் வணிகமும்

கேள்வி: 1991-இல் லாஸ் ஏஞ்சலிஸில் உருவான இந்த ராக் இசைக்குழு, முதலாளித்துவத்தைச் சாடிக்கொண்டே சோனியின் எபிக் இசை வெளியீட்டு நிறுவனம் வழியாகப் பாடல்களை வெளியிட்டது முரண்பாடு அல்லவா?

பதில் 1: முரண்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும், 1963-இல் வியட்நாமின் சைகோனில் தீக்குளித்த புத்த பிக்குவின் படத்தை அட்டையில் தாங்கி வந்த அவர்களுடைய 1992ஆம் ஆண்டு இசைத்தொகுப்பு, பெருநிறுவனத்தின் விநியோகமின்றி இத்தனை பேரைச் சென்றடைந்திருக்குமா என்பது ஐயமே.

பதில் 2: என்னை ஈர்த்தது குழுவின் கிட்டார் கலைஞர் டாம் மொரெல்லோவின் வாசிப்பு. கிட்டாரின் பிக்கப்புகளில் (கம்பிகளின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பகுதிகள்) ஒன்றின் ஒலியை முற்றிலும் அடக்கிவிட்டு, பிக்கப்புகளை மாற்றும் சுவிட்சைத் தட்டித் தட்டி அவர் எழுப்பும் ஓசை, டி.ஜே. ஒருவர் இசைத்தட்டைத் தேய்ப்பதாகவே (சத்தியமாக!) தோன்றும்.

பதில் 3: கிட்டாரை மட்டும் ரசிப்பது உங்கள் உரிமை, நண்பரே. ஆனால் 2000 ஜனவரியில், திரைப்பட இயக்குநர் மைக்கேல் மூர் இயக்கத்தில் நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் அவர்கள் பாடல் காணொளிக்கான படப்பிடிப்பு நடத்தியபோது பங்குச்சந்தையின் கதவுகளே மூடப்பட்டன. பாடகர் ஸாக் டி லா ரோச்சாவின் வரிகள் இல்லையெனில் அந்த இசைக்கு இவ்வளவு சினம் ஏது?