நினைவுத் தகடு: பெயர்த்துச் சுவரில் மாட்டலாமா?

செம்பியன்:
இங்கிலாந்துக் கிராம ஆலயங்களில் நிலக்கிழார் குடும்பங்கள் இறந்தவரின் உருவத்தைச் செதுக்கிப் பதித்த பித்தளைத் தகடுகள் தரையில் மிதிபடுகின்றன. சர்ரேயில் ஸ்டோக் டி'அபர்னான் ஆலயத்து சர் ஜான் டி'அபர்னான் தகடு ஆறடிக்கு மேல், இன்னும் தரையில்தான். பெயர்த்துச் சுவரில் மாட்டினால் தேய்மானமாவது நிற்கும்.

உளிமுனை:
தகடு பதிந்த கல்லும் ஆவணம்தான்; பெயர்த்தால் பாதி போய்விடும். சர் ஜான் தகட்டின் கல் ஓரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனிப் பித்தளையாகப் பதித்திருந்தார்கள். எழுத்துகள் என்றோ காணாமல் போயின. 'சர் ஜான் இங்கே கிடக்கிறார், அவர் ஆன்மாவுக்குக் கடவுள் இரங்கட்டும்' என்ற பிரெஞ்சு வரியை இன்று வெற்றுக் குழிகளை வைத்துத்தான் வாசிக்கிறோம். (தகடு செய்த ஆண்டு 1277 என்ற பழைய கணக்கை விடுங்கள்; 1320கள் வாக்கில் என்பதே இன்றைய முடிவு.)

செம்பியன்:
குழி பேசும், சரி. தகடே ஆடினால்? அடியில் ஊற்றிய கீல் (தார் போன்ற பசை) காய்ந்து பொடிகிறது, ஒவ்வொரு மிதிக்கும் தகடு எழும்பித் தாழ்கிறது. ஆணி அறும். உருவத்தின் வாள், கழுத்து மாதிரி ஒடுங்கிய இடத்தில் விரிசல் விழும்.

ஈயக்குழம்பு:
அதற்கு மருந்து சுவர் இல்லை, அதே கல்லில் மறுபதிப்பு, அதாவது தகட்டை எடுத்துச் சரிசெய்து மீண்டும் பதிப்பது. முதலில் மறைமாவட்ட அனுமதி. அது இல்லாமல் ஓர் ஆணியைக்கூடத் தொடக் கூடாது. ஓரத்தில் கம்பி கொடுத்து நெம்பினால் தகடு மடங்கிவிடும், மெல்லிய ரம்பத்தால் அடியில் ஆணியை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எடுத்ததும் பின்பக்கத்தைப் பாருங்கள்: 16ஆம் நூற்றாண்டுத் தகடு என்றால், அப்போது மூடப்பட்ட துறவி மடங்களின் தகட்டைத் திருப்பிப் போட்டுச் செதுக்கியிருக்கலாம், பழைய உருவம் அங்கே இருக்கலாம். பிறகு பின்புறம் புது ஆணிகளைப் பற்றவைத்து, கல் துளையில் ஆணியைப் பிடித்திருந்த பழைய ஈயத்தை அகற்றி, கீலில் பதியுங்கள். சிமெண்ட் வேண்டவே வேண்டாம். அடுத்த முறை கல்லை உடைக்காமல் தகடு வராது.

உளிமுனை:
கல் அறவே சிதைந்திருந்தால் மட்டும் சுவர். அப்போதும் ஓக் பலகையில் ஏற்றாதீர்கள், அதன் அமில ஆவி உலோகத்தை அரிக்கும்.

செம்பியன்:
மறுபதிப்புக்குச் சம்மதம். மேலே கம்பளம் விரிக்கலாமா?

ஈயக்குழம்பு:
ரப்பர் அடிப்பக்கம் உள்ளது கூடாது. ஈரம் அடைபட்டுப் பச்சைக் களிம்பு பூக்கும். காற்றுப் புகும் விரிப்பு போடுங்கள், ஆனால் அடியில் மணல் சேராமல் அடிக்கடி பெருக்குங்கள். மணல் உப்புத்தாள் போலத் தேய்க்கும். பளபளப்புக்காகப் பாலீஷ் போடவே கூடாது, செதுக்கிய கோடு மழுங்கும். சர் ஜானின் கேடயத்தில் இன்னும் நீல எனாமல் ஒட்டியிருக்கிறது, அதுவும் போகும். வௌவால் சிறுநீர் தகட்டைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். அங்கே வௌவாலைச் சட்டம் காக்கிறது, விரட்ட முடியாது; தகட்டை மூடத்தான் வேண்டும்.