வெங்காயம் வதக்கினால் சாக்கடை நாற்றம் அடிக்கிறது, சரியாகுமா?

மெஸ்_அக்கா:
மதுரையில் இருபது பேருக்கு மதியச் சாப்பாடு போடுகிறேன். மூன்று மாதம் முன்பு காய்ச்சல் வந்து, பரிசோதனையில் கொரோனா என்றார்கள். நாலு நாளில் காய்ச்சல் விட்டது, வாசனை மட்டும் திரும்பவே இல்லை. மூக்கடைப்பும் கிடையாது. சாம்பார்ப் பொடிக்கு மல்லியை வறுக்கும்போது மணம் வந்ததும் இறக்குவேன், கடிகாரம் பார்த்துப் பழக்கமில்லை. அன்று மணம் வரட்டும் என்று கிளறிக்கொண்டே இருந்தேன். மல்லி கறுத்துப் புகை கிளம்பியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன்.

உப்பு, புளிப்பு, காரம் தெரிகிறது. ஆனால் ரசம் குடித்தால் உப்புப் போட்ட புளித்தண்ணீர்தான். பத்து நாளாக இன்னொரு தொல்லை: வெங்காயம், பூண்டு வதக்கினால் சாக்கடையும் எரிந்த ரப்பரும் கலந்த நாற்றம். காபியும் அப்படியே. போன வாரம் ஊசிப்போன தேங்காய்ச் சட்னியைப் பரிமாற எடுத்துவிட்டேன், மகள்தான் தடுத்தாள். என்னை நம்பிச் சாப்பிட வருகிறார்கள். யாருக்காவது இப்படி இருந்து சரியானதா?

காமூதொ_டாக்டர்:
அக்கா, உங்கள் நாக்கு நன்றாகவே இருக்கிறது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, மெல்லும்போது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசனைதான். காரம் ருசியே அல்ல, எரிச்சலை உணரும் வேறு நரம்பின் வேலை. அதனால்தான் அது தப்பியது. கொரோனா வைரஸ் மூக்கின் உச்சியில் வாசனை நரம்புகளைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களைத் தாக்குகிறது. அடைப்பே இல்லாமல் வாசனை போவது அதனால்தான். ஃப்ளூ, சாதாரண சளிக்குப் பிறகும் சிலருக்கு இப்படி ஆவதுண்டு.

வாசனை நரம்புகள் மறுபடி முளைக்கக்கூடியவை. முளைக்கும்போது இணைப்பு சரியாக அமையாத காலத்தில் நாற்றம் மாறித் தெரியும். வெங்காயம், பூண்டு, காபி, முட்டை, வறுத்த கறி, இவைதான் பெரும்பாலும் படுத்தும். பலருக்கு இது நரம்பு திரும்புகிற அறிகுறி. மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு முழுதாக வராமலும் போகலாம். மூன்று மாதம் ஆகிவிட்டதால் ஒருமுறை மூக்கை நேரில் காட்டிவிடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

கோவை_தறி:
எனக்கு 2021இல் போனது, எட்டு மாதம் கழித்துத்தான் ஓரளவு வந்தது. வாசனைப் பயிற்சி செய்தேன். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் ஹும்மல் என்ற மருத்துவர் குழு 2009இல் வெளியிட்ட முறை: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ். காலையும் இரவும் ஒவ்வொன்றையும் சில விநாடி மெதுவாக முகர வேண்டும், குறைந்தது பன்னிரண்டு வாரம். நான் பஞ்சில் ரெண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டு மூடி போட்ட பாட்டிலில் வைத்துக்கொண்டேன். மூக்குக்குள் எதையும் விடக்கூடாது. முகரும்போது அந்தப் பொருளின் பழைய மணத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அக்கா, கேஸ். கசிவு தெரியட்டும் என்றுதான் அதில் நாற்றம் கலக்கிறார்கள், நமக்கு அது தெரியாது. ராத்திரி ரெகுலேட்டரை மூடுங்கள், கசிவு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

மெஸ்_அக்கா:
ரெண்டு பேருக்கும் நன்றி தம்பி. டாக்டரிடம் திங்கட்கிழமை போகிறேன். ருசி பார்ப்பதை இப்போதைக்கு மகளிடம் விட்டுவிட்டேன், அலாரமும் சொல்லிவிட்டேன். கிராம்பு டப்பாவை இப்போதே திறந்து முகர்ந்தேன். மணம் இல்லை, ஆனால் மூக்கின் மேலே சின்னதாக ஒரு குறுகுறுப்பு. நாளைக் காலையில் மறுபடி பார்க்கிறேன்.