புது ஆஃப்செட் ஸ்மோக்கர்: உள்ளே பிசுபிசுப்பு, மூடியில் புகைக் கசிவு

கேள்வி: புதிதாக ஆஃப்செட் ஸ்மோக்கர் (பக்கவாட்டுப் பெட்டியில் நெருப்பு மூட்டி, அதன் சூட்டிலும் புகையிலும் இறைச்சி வேகவைக்கும் இரும்பு அடுப்பு) வாங்கினேன். துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவி ஒருமுறை சூடாக்கியும் உள்சுவர் பிசுபிசுக்கிறது. மூடி இடுக்கில் புகையும் கசிகிறது. எதை முதலில் கவனிப்பது?

பதில் 1: எண்ணெய் அதிகம். மெல்லிய படலம்தான் இறுகும். தடித்தால் பிசினாகவே நிற்கும். சுரண்டி, சோப்பு நீரில் கழுவிக் காயவையுங்கள். மறுபடி தடவியதும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்; கையில் ஒட்டாமல் லேசாக மினுங்கினால் போதும். 130 டிகிரி செல்சியஸ், 3 மணி நேரம், புகைபோக்கி முழுதும் திறந்தபடி.

பதில் 2: கழுவியதும் கசிவை அடையுங்கள், எண்ணெய் அப்புறம். எண்ணெய்ப் பரப்பில் பசை பிடிக்காது. மூடிக்கு ஃபைபர்கிளாஸ் நாடா. பக்கவாட்டு நெருப்புப்பெட்டி இணைப்பில் சிலிகான் பசை கருகிவிடும், அங்கே சூடு தாங்கும் அடுப்பு சிமென்ட்தான்.

பதில் 3: நெருப்பின் சூடு நேரே இறைச்சியில் படாமலிருக்க உள்ளே தடுப்புத் தகடு போடுவதானால் 3 மி.மீ. சாதா இரும்பு. துத்தநாகம் பூசியது வேண்டவே வேண்டாம், சூட்டில் நச்சுப்புகை வரும்.