உயிரியல் வகுப்பில் மாணவ உதவியாளராக இருந்தவர்கள் வாங்க, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்க

இலைத்துளை

முதலாண்டுப் பொது உயிரியலை முடித்த கையோடு, அடுத்த வருடமே அதே பாடத்துக்கு உதவியாளராகப் போய் நின்றேன். பேராசிரியர் பாடத்துக்கு நடுவில் ஒரு கேள்வியைத் திரையில் போட்டு, குழுவாகப் பேசச் சொல்வார். அப்போது மேசை மேசையாகப் போய் அவர்கள் பேசுவதைக் கேட்பதுதான் என் வேலை. விடையைச் சொல்லிவிடக் கூடாது என்பது முதல் நாளே போட்ட விதி. தெரிந்ததைச் சொல்லாமல் வாயைக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் புரிந்தது.

ஒருநாள் வந்த கேள்வி: சின்ன விதை பெரிய மரமாகிறதே, அவ்வளவு எடையும் எங்கிருந்து வந்தது? நான் நின்ற மேசையில் நால்வரும் ஒரே குரலில் "மண்ணிலிருந்து" என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை நால்வருமே நோட்டில் பிழையில்லாமல் எழுதி வைத்திருந்தார்கள். "இதுல மண் எங்கே இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். ஒரு பையன் சமன்பாட்டை விரலால் தடவிக்கொண்டே போனான். கார்பன் டைஆக்சைடில் விரல் நின்றது. "அக்கா, காத்தா? காத்துக்கு ஏது எடை?" பக்கத்திலிருந்த பெண், "அப்போ ட்ரை ஐஸ் என்னடா? உறைஞ்ச கார்பன் டைஆக்சைடுதானே?" என்றாள். அதற்குமேல் எனக்கு அங்கே வேலையில்லை, நகர்ந்துவிட்டேன்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் காலத்து விஞ்ஞானி வான் ஹெல்மான்ட், வில்லோ மரத்தைத் தொட்டியில் 5 வருடம் வளர்த்து, மண்ணின் எடை அநேகமாகக் குறையவே இல்லை என்று நிறுத்துப் பார்த்தவர். அவரே கடைசியில் எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்றுதான் முடிவுகட்டினார்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

லேப்கோட்

நான் ஆய்வக உதவி. எங்கள் பிழைப்பில் பாதி மைக்ரோபிப்பெட்டோடுதான், துளியிலும் சிறிய அளவுத் திரவத்தை உறிஞ்சி எடுக்கும் கருவி அது. பொத்தானை அழுத்தினால் அது இரண்டு இடத்தில் நிற்கும். முதல் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்ச வேண்டும், வெளியே விடும்போதுதான் இரண்டாவது வரை போக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் உறிஞ்சும்போதே அடிவரை அழுத்திவிடுவார்கள். எண் 10 மைக்ரோலிட்டர் என்று காட்டும், முனையிலோ அதைவிடக் கூடுதலாக ஏறியிருக்கும். கொஞ்ச நாள் பழகினால் தள்ளி நின்று திரவத்தின் மட்டத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

மறக்காதது ஜெல் ஓட்டிய ஒரு நாள். டிஎன்ஏவைச் சாயத்தோடு ஜெல்லின் குழியில் இட்டு, மின்சாரம் கொடுத்து அளவுவாரியாகப் பிரிக்கும் சோதனை அது. ஒரு குழு கம்பிகளை மாற்றிச் செருகி மின்சாரமும் கொடுத்துவிட்டது. குமிழி வருகிறது, பார்வைக்கு எல்லாம் சரி. நீலச் சாயம் மட்டும் குழியிலிருந்து பின்பக்கமாக, குழிக்குக் கிட்ட இருந்த ஜெல் ஓரத்தை நோக்கி நகர ஆரம்பித்தது. எனக்குக் கை பரபரத்தது. மேடத்தைப் பார்த்தேன், அவர் கண்ணாலேயே 'பொறு' என்றார்.

"சாயம் எந்தப் பக்கம் போகுது?" என்று மட்டும் கேட்டேன்.

"இந்தப் பக்கம்."

"டிஎன்ஏவுக்கு என்ன மின்னூட்டம்?"

"பாஸ்பேட் இருக்கு, அதனால நெகட்டிவ்... பாசிட்டிவ் பக்கம்தானே போகணும், அய்யோ."

சுவிட்சை அணைத்துக் கம்பிகளை மாற்றினார்கள். சாயம் வந்த வழியே திரும்பி, குழியைத் தாண்டிச் சரியான திசையில் ஓடியது. பட்டைகள் கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் அளவைப் படிக்க முடிந்தது.

கடைசிபெஞ்ச்

நான் உதவியாளராக இருந்த வகுப்பிலேயே என் அறைத்தோழனும் இருந்தான். க்விஸ் கேள்வி என்ன என்று ராத்திரி முழுக்க நச்சரிப்பான். எனக்கே காட்ட மாட்டார்கள் என்றால் நம்பவே இல்லை. ஒரு மாதம் எங்களுக்குள் சரியாகப் பேச்சில்லை. நண்பர்கள் இருக்கும் பிரிவைத் தவிர்த்து வேறு பிரிவு கேட்டு வாங்குவதுதான் நல்லது.

இரட்டைச்சுருள்

ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்களை அல்லீல் என்போம், அவற்றின் பங்கு தலைமுறைகள் கடந்தும் தானாக மாறாது என்பது ஹார்டி-வைன்பெர்க் விதி. அது வந்தாலே, இரண்டு அல்லீல்களின் பங்கை பி, க்யூ என்று வைத்து, பி வர்க்கம், 2பிக்யூ, க்யூ வர்க்கம் என்று கணக்கைப் போட்டுவிட்டு நோட்டை மூடிவிடுவார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் எல்லாரும் போனபின் வந்து கேட்டான்: "அண்ணா, ஓங்கு அல்லீல், அதான் ஒண்ணு இருந்தாலே பண்பைக் காட்டுறது, அதுதானே ஜெயிக்கும்? அப்போ பல தலைமுறை கழிச்சு எல்லாருக்கும் அதுவே வந்துடாதா?" மேடத்திடம் இதைக் கேட்க வெட்கமாம். நான் போன வருடம் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் என்னிடம் கேட்டுவிட்டான்.

1908-ல் யூல் என்ற புள்ளியியலாளர் எழுப்பிய சந்தேகமும் ஏறக்குறைய இதுதான். குட்டை விரல் ஓங்கு பண்பு என்றால், நாளடைவில் நான்கில் மூன்று பேருக்கு அது இருக்க வேண்டாமா என்று. மரபுப் பண்புகளைக் கணக்கிடப் போடுகிற பன்னட் கட்டத்தின் அதே பன்னட், அந்தக் கேள்வியைத் தன்னோடு கிரிக்கெட் ஆடும் கணிதவியலாளர் ஹார்டியிடம் கொண்டுபோனார். அப்படி ஆகாது, பங்கு அப்படியே இருக்கும் என்று ஹார்டி சின்னப் பெருக்கல் கணக்கில் முடித்துவிட்டார். ஜெர்மனியில் வைன்பெர்க் என்ற மருத்துவரும் அதே வருடம் தனியாக அதைக் கண்டறிந்திருந்தார்.

இதைச் சொன்னதும் பையனுக்கு வந்த தெம்பைப் பார்க்க வேண்டுமே. பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். அல்லீல் இரண்டு பிரதி இருந்தால்தான் வருவது ஒடுங்கு நோய். அது 2500 பேரில் ஒருவருக்கு வந்தால் க்யூ வர்க்கம் 1/2500, க்யூ 1/50. நோயில்லாமல் அந்த அல்லீலைச் சுமப்பவர்கள் 2 × 0.98 × 0.02, அதாவது 0.0392. ஏறக்குறைய 25 பேரில் ஒருவர். "நம்ம ஹாலிலேயே பத்துப் பேர் இருப்பாங்களே!" என்றான். அடுத்த வகுப்பில் கையைத் தூக்கினான்.

தயக்கம்

அடுத்த பருவத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ட்யூஷன் எடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? போகலாமா?

லேப்கோட்

ட்யூஷனில் நீங்கள் தனி ஆள். இதில் பேராசிரியரோடு சேர்ந்து வேலை. அமெரிக்காவின் மிசௌரி-கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் 1973-ல் தொடங்கிய முறையில், பாடத்தை ஏற்கனவே முடித்த மாணவர் திரும்பவும் வகுப்பில் உட்கார்ந்து, வெளியே குழுவாகப் படிக்க வைப்பார். கொலராடோவில் உருவான முறையில் உதவியாளர் வகுப்புக்குள்ளேயே இருப்பார். வாராவாரம் பேராசிரியரோடு தயாரிப்புக் கூட்டம் உண்டு, எப்படிக் கேள்வி கேட்பது என்று தனியாக ஒரு வகுப்பும் உண்டு. அந்தக் கூட்டம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். யார் எங்கே குழம்புகிறார்கள் என்று நாம் சொல்லித்தான் எங்கள் மேடம் அடுத்த வாரக் கேள்வியையே மாற்றுவார். கூட்டம் கிடையாது, பீக்கர் கழுவ ஆள் வேண்டும் என்றால், அதற்கான சம்பளத்தையாவது பேசிக்கொண்டு போங்கள்.

தயக்கம்

விசாரித்தேன், கூட்டம் உண்டாம். முதல் வாரம் சவ்வூடு பரவல், அதாவது சவ்வு வழியே தண்ணீர் உப்பு அதிகமுள்ள பக்கம் போவது. உருளைக்கிழங்குத் துண்டும் உப்புத் தண்ணீரும் வைத்துச் செய்வதாம். மாணவர்கள் எங்கே குழம்புவார்கள்?

இலைத்துளை

"கிழங்குக்குள்ள உப்பு போச்சு, அதான் தொளதொளன்னு ஆயிடுச்சு" என்பார்கள். துண்டை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எடை குறைந்திருக்கும். உப்பு மட்டும் உள்ளே போயிருந்தால் எப்படிக் குறையும் என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுங்கள்.