உம்மாவைக் கூட்டிக்கிட்டு ஸ்பெயின் மலைக்கிராமத்தில் நாலு ராத்திரி தங்கலாமா?

கீழக்கரைக்காரி கேட்டது:

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாருக்கும் வணக்கம்.

என் தம்பி ஸ்பெயினில் கிரனாடா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். வாப்பா மவுத்தாகி ரெண்டு வருசம் ஆகுது. அதுக்கப்புறம் உம்மா வாசப்படி தாண்டுறதே அபூர்வம். வர்ற ஏப்ரல் கடைசியில உம்மாவையும் என்னையும் வரச்சொல்லி தம்பி ஒத்தைக்கால்ல நிக்கிறான். அவன் இருக்கிற வீட்டில் மூணு பசங்க, நாங்க தங்க இடம் கிடையாது. அதனால பக்கத்து மலையில கப்பிலேய்ரானு ஒரு கிராமத்தில் சின்னத் தங்கும் வீடு பார்த்திருக்கான். அஞ்சே அறை. கீழ வீட்டுக்கார அம்மா குடியிருக்காங்க, காலைச் சாப்பாடு அவங்க கையால. நாலு ராத்திரி.

உம்மாவுக்கு வயசு 63, முழங்கால் வலி உண்டு. ஹஜ்ஜுக்குப் போனதைத் தவிர வெளிநாடு தெரியாது. மலைன்னா கொடைக்கானல் ஒரே ஒரு தடவை. அந்தப் பக்கம் பன்றி இறைச்சிக்குப் பேர்போன ஊருன்னு தம்பியே சொல்லிட்டான். அதைக் கேட்டதிலிருந்து உம்மா ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேக்குறாங்க: "அவங்க எதை வறுத்தாங்களோ, அதே சட்டியிலதானே எனக்கும் முட்டை பொரிப்பாங்க?"

பேசாம கிரனாடாவிலேயே ஒரு ஹோட்டலுக்கு மாத்திடலாமா? அந்த மாதிரி மலைவீட்டில் தங்கின யாராவது இருந்தா சொல்லுங்க. குளிர், சாப்பாடு, தொழுகை எல்லாத்தையும் பத்தி. என் உம்மா அங்கே போய் ஒரு நாளாவது நல்லா சிரிச்சுட்டு வரணும், அதுதான் எனக்கு வேணும்.

ரயிலடி ராமநாதபுரம்:

விசா விஷயம் மட்டும் சொல்கிறேன். ஸ்பெயினுக்கு வேண்டியது ஷெங்கன் விசா, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது. அதற்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் போனால் எடுக்க மாட்டார்கள். சென்னை மையத்துக்கு ரெண்டு பேரும் நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். மலைவீட்டின் முன்பதிவுத் தாளில் உம்மா பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். என் உறவுக்காரர் ஒருவருக்கு ஒரே ஒரு எழுத்தால் ரெண்டாம் தடவை சென்னைக்கு அலைச்சல் ஆனது.

இன்னொன்று. வீட்டுக்கார அம்மா பாஸ்போர்ட் விவரம் கேட்டால் பயப்படாதீர்கள். ஸ்பெயினில் தங்குகிறவர் எல்லாரையும் அரசுக்குப் பதிந்து அனுப்பியாக வேண்டும், அஞ்சு அறை வீடாக இருந்தாலும்.

கண்மாய்க்காரன், தேவிபட்டினம்:

மகளே, தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. ஹோட்டலுக்கு மாத்தவே மாத்தாதீங்க.

நான் பொதுப்பணித்துறையில 31 வருசம் கண்மாய், வரத்துக்கால், மடைன்னு அலைஞ்சு ஓய்வு பெற்றவன். 2023 மே மாசம் என் மகள் எங்க ரெண்டு பேரையும் இதே கப்பிலேய்ராவுக்குத்தான் கூட்டிட்டுப் போனா. அஞ்சு ராத்திரி இருந்தோம். உங்க தம்பி பார்த்த வீடுதானான்னு தெரியாது, ஆனா அதே மாதிரி வீடு.

கிரனாடாவிலிருந்து பஸ்சு ரெண்டரை மணி நேரம்னு வச்சுக்குங்க. ஓர்ஹிவா தாண்டினதும் கொண்டை ஊசி வளைவு ஆரம்பிச்சிடும். உம்மாவை முன் சீட்டில் உக்கார வைங்க, கையில ஒரு எலுமிச்சம்பழம் குடுங்க. பள்ளத்தாக்குக்குப் பேரு பொக்கேய்ரா. அதுல ஒண்ணுக்கு மேல ஒண்ணா மூணு ஊரு: பம்பனேய்ரா, புபியோன், கப்பிலேய்ரா. கடைசி ஊரு 1,436 மீட்டர். கொடைக்கானலைவிட உயரம் கம்மிதான், ஆனா குளிர் அதைவிட ஜாஸ்தி. தலைக்கு மேல முல்அஸேன் சிகரம், 3,479 மீட்டர், மே மாசத்திலயும் பனி வெள்ளையா நிக்குது. நம்ம பக்கம் மேடுன்னா ராமேஸ்வரத்துக் கந்தமாதனம்தான். என் வீட்டுக்காரி முதல் நாள் காலைல ஜன்னலைத் திறந்தவ, சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டா.

நாங்க செஞ்ச தப்பை முதல்ல சொல்லிடுறேன். போய்ச் சேந்தது ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி. அந்த ஊரில் மத்தியானச் சாப்பாடு ரெண்டு மணிக்கு மேல, நாலு மணிக்கு அடுப்பை அணைச்சிடுவாங்க. ராத்திரிச் சாப்பாடு எட்டரைக்கு முன்னால எங்கயும் கிடையாது. கடையும் பூட்டு. எனக்குச் சர்க்கரை உண்டு, கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. வீட்டுக்கார அம்மா என் முகத்தைப் பார்த்தவங்க ஒண்ணும் கேக்கலை. உள்ள போய் ரெண்டு கனத்த ரொட்டித் துண்டை வாட்டி எடுத்துட்டு வந்தாங்க. பூண்டுப் பல்லை அதுமேல வச்சுத் தேய்ச்சாங்க. தக்காளியைத் துருவியில துருவி, தோல் மட்டும் கையில மிஞ்சும்படி, மேல வழிச்சு விட்டாங்க. அஞ்சு லிட்டர் கேன்ல இருந்து ஆலிவ் எண்ணெய், பிறகு ரெண்டு விரல்ல எடுத்த உப்பு. அந்த எண்ணெய் தொண்டையில லேசாக் காறும், நல்ல எண்ணெய்க்கு அதான் அடையாளமாம். அடுத்த அஞ்சு நாளும் காலைச் சாப்பாடு அதேதான், கூட வீட்டில் செஞ்ச அத்திப்பழ ஜாமும் பால் காப்பியும். எனக்குச் சலிக்கலை.

இப்ப உம்மாவோட சட்டிக்கு வர்றேன். உம்மா கேக்குறது நூத்துக்கு நூறு நியாயம். அடுத்த ஊரான திரவேலெஸ் பன்றித்தொடை உப்புக்கண்டத்துக்குப் பேர்போனது. கடையில் கூரையிலிருந்து வரிசையாத் தொங்கும். அது கண்ணுக்குத் தெரியுது, ஒதுங்கிக்கலாம். தெரியாத இடம்தான் கஷ்டம். என் வீட்டுக்காரி மீனும் கோழியும் தவிர வேற தொடமாட்டா. வழியில ஒரு சாப்பாட்டுக் கடையில 'கறி இல்லாம' வேணும்னு கேட்டதுக்கு அவரைக்காய் குடுத்தாங்க. பாதி சாப்பிட்ட பிறகு அடியில சின்னச் சின்னதா சிவப்புத் துண்டு. அவங்க கணக்கில் அது கறி இல்லை, வாசனைக்குப் போடுறது. அன்னைக்கு அவ ராத்திரி முழுக்கத் தூங்கலை. அந்தப் பக்கத்து ஆற்று மீன்கூட உள்ள அதே இறைச்சியை வச்சுப் பொரிச்சு வரலாம். இனிப்பு ரொட்டி, பிஸ்கட்டிலயும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பாங்க, அதுக்குப் பேரு 'மன்தேக்கா'. வெண்ணெய்க்குப் பேரு 'மன்தெகீயா'. காதுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும், மகளே. கவனம்.

அதனாலதான் வீட்டில் தங்கச் சொல்றேன். ஹோட்டல்ல யார்கிட்ட போய்ச் சட்டியைப் பத்திப் பேசுவீங்க? இங்க சமைக்கிறவங்க எதிரே நிக்கிறாங்க. தம்பியை விட்டு இப்பவே ஸ்பானிஷ்ல எழுதச் சொல்லுங்க: 'சின் ஸெர்தோ, சின் ஹமோன், சின் மன்தேக்கா'. பன்றி வேண்டாம், தொடை உப்புக்கண்டம் வேண்டாம், கொழுப்பு வேண்டாம். மூணையும் தனித்தனியா எழுதணும். நாங்க ரெண்டாம் நாள் இதைச் சொன்னப்ப அந்தம்மா மாவு டப்பா, பிஸ்கட் பாக்கெட் எல்லாத்தையும் மேசையில் கொண்டுவந்து வச்சு, பின்பக்கம் எழுதியிருக்கிறதை விரல் வச்சு வாசிச்சுக் காட்டினாங்க. மழை பேஞ்ச அன்னைக்கு 'மிகாஸ்'னு ஒண்ணு செஞ்சாங்க. ரவையைப் பூண்டு எண்ணெயில கிளறிக்கிட்டே இருக்கிறது, உதிரி உதிரியா நம்ம உப்புமாவேதான். தொட்டுக்கச் சுட்ட சாளை மீன். மலை உச்சியில சாளையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரி அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டா.

அடுத்தது தண்ணி. இதை நான் சொல்லாம விட்டா எனக்கு மனசு ஆறாது.

அந்த ஊரில் எங்க நடந்தாலும் காலுக்குக் கீழ தண்ணிச் சத்தம். பம்பனேய்ராவில் தெரு நடுவுலயே சின்ன வாய்க்கால் ஓடுது. வாய்க்காலுக்கு 'அஸேக்கியா'னு பேரு, அரபுச் சொல்லு. அங்க முஸ்லிம் ஆட்சி இருந்த காலத்தில் வெட்டினது. மலை மேல பனி உருகுற தண்ணியை மறிச்சு, சிமெண்ட் பூசாத மண் வாய்க்கால்ல கொண்டுபோய், உயரத்திலயே மலைக்குள்ள இறங்க விடுறாங்க. அந்தத் தண்ணி உள்ளுக்குள்ளயே மெதுவா வந்து, கோடையில கீழ ஊருங்க பக்கம் ஊத்தா வெளிய வரும். 'தண்ணியை விதைக்கிறது'ன்னு அதுக்குப் பேரு. முறை வச்சுத் திறந்துவிட ஒரு ஆள் உண்டு, நம்ம நீர்ப்பாய்ச்சி மாதிரியே. வருசா வருசம் தூர் வார ஊரே மண்வெட்டியோட வரும், நம்ம குடிமராமத்து. அதை நாம விட்டோம், அவங்களும் பல வாய்க்காலை விட்டுட்டாங்க. இப்ப உங்க தம்பி படிக்கிற அதே பல்கலைக்கழகத்துத் தொல்லியல்காரங்கதான் ஊர்க்காரங்களையும் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கிட்டு 2014லிருந்து தூர்ந்துபோனதைத் தோண்டித் தண்ணி விடுறாங்க. நான் ஒரு வாய்க்கால் கரையில உக்காந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். கல்லைப் புரட்டி வச்ச ஒரு சின்ன மடை, அடியில சாக்குத் துணி அடைச்சிருந்தது. எங்க ஊர் மடையில வைக்கோல் அடைக்கிற மாதிரி. 31 வருசமும் கண்ணு முன்னாடி வந்துடுச்சு.

கிரனாடாவில் அந்த முஸ்லிம் ஆட்சி 1492ல கிறிஸ்தவ அரசர்கள்கிட்ட விழுந்தது. பிறகு கட்டாயமா மதம் மாத்தப்பட்ட மக்கள் 1568ல இந்த மலையிலதான் எழுந்தாங்க, 1571ல தோத்து ஊரை விட்டே வெளியேத்தப்பட்டாங்க. வாய்க்காலும் வீடும் மிஞ்சிடுச்சு. தட்டட்டி வீடுங்க, மேல 'லௌனா'ங்கிற சாம்பல் நிற மண்ணைப் பரப்பியிருக்கும், மழை இறங்காது. கீழக்கரையில பழைய மெத்தை வீட்டில் வளர்ந்த உம்மாவுக்கு அந்தக் கனத்த சுவரும் சின்ன ஜன்னலும் புதுசாவே தெரியாது.

கீழக்கரைக்காரி:

ஐயா, நீங்க எழுதினதை உம்மாவுக்கு உரக்க வாசிச்சேன். அவரைக்காய் வந்த இடத்தில் "யா அல்லாஹ், பாவம் அந்தப் பொம்பளை"ன்னாங்க. பிறகு சாளை மீன் இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாங்க. ரொம்ப நன்றி ஐயா.

இன்னும் ரெண்டு சந்தேகம். ஊருக்குள்ள படி ஏத்தம் எப்படி? முழங்காலுக்குத் தாங்குமா? தொழுகை நேரம், கிப்லாத் திசை யாருக்காவது தெரியுமா?

தொண்டி மருமகள்:

வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. ஸ்பெயினில் மலகா ஊரில் ஆறு வருசம் இருந்தேன், அந்த மலைக்கு மூணு தடவை போயிருக்கேன்.

ஏத்தம் இருக்கு, மறைச்சுச் சொல்ல மாட்டேன். தெருவே சரிவுதான், கல் பாவினது, மழையில வழுக்கும். கீழ்த்தளத்து அறையோ, படி கம்மியான அறையோ வேணும்னு இப்பவே கேட்டு வாங்கிடுங்க. ரோட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை படின்னும் கேளுங்க, கார் வாசல் வரை வராத வீடு நிறைய. உம்மாவுக்கு ரப்பர் அடி வச்ச ஷூ, ஒரு கைத்தடி. ராத்திரி குளிர் ஒத்த இலக்கத்துக்கு இறங்கிடும், அறையில ஹீட்டர் எத்தனை மணிவரை எரியும்னு கேளுங்க.

கிப்லா: நம்மூரில் மேற்கே பார்த்துத் தொழுது பழகினவங்க அங்க கிழக்கே, கொஞ்சம் தெற்கு சாய்ஞ்சு நிக்கணும். முதல் ரெண்டு நாள் எனக்கு உடம்பு தானா எதிர்ப்பக்கம் திரும்பிடுச்சு. ஏப்ரல் கடைசியில சூரியன் மறையுறது கிட்டத்தட்ட ராத்திரி ஒன்பது மணிக்கு. மஃரிபு அப்பத்தான். இஷா பத்தைத் தாண்டிடும். அங்க ராத்திரிச் சாப்பாடும் அதே நேரம்கிறதால உம்மா அறையில தொழுதுட்டு நிம்மதியா இறங்கி வரலாம். கிரனாடாவில் ஒரு நாள் இருந்தா அல்பைஸின் மேட்டில் 2003ல திறந்த பள்ளிவாசலுக்கு அவசியம் கூட்டிட்டுப் போங்க. அதோட தோட்டத்தில் நின்னா எதிரே அல்ஹம்ரா, அந்தக் கால முஸ்லிம் மன்னர்களோட அரண்மனைக் கோட்டை. பள்ளியில மத்தியான ளுஹர் தொழுதுட்டு வெளிய வந்து அதைப் பார்த்து நின்ன பொழுது எனக்கு அழுகை வந்துடுச்சு. ஹலால் சாப்பாடு கீழ எல்விரா தெருப் பக்கம் மொரோக்கோக்காரங்க கடையில கிடைக்கும்.

பெட்டியில நெய்யும் உப்புக்கண்டமும் வைக்காதீங்க. இறைச்சி, பால் சம்பந்தப்பட்ட எதையும் விமான நிலையத்தில் எடுத்துடுவாங்க. மீனுக்குத் தடை இல்லை, மாசிக் கருவாடு கொண்டுபோகலாம், நல்லா ரெண்டு உறை போட்டுக் கட்டுங்க. ஊர்த் தொதல் இனிப்பும் எடுங்க, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும்தானே. வீட்டுக்கார அம்மாவுக்குக் குடுக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது.

சட்டிக்கு நான் செஞ்சதைச் சொல்றேன். வீட்டிலிருந்து ஒரு சின்னச் சட்டியும் கரண்டியும் எடுத்துட்டுப் போய் முதல் நாளே அந்தம்மா கையில குடுத்தேன். "இதுல மட்டும் எனக்கு" அப்படின்னேன். ஒரு துளி வருத்தப்படலை. என் முட்டையை அதுலதான் பொரிச்சாங்க, கழுவித் தனியா ஜன்னல் ஓரத்தில் கவுத்து வச்சாங்க. உம்மா எண்ணெய் கேக்கணும்னா 'அஸெய்த்தே'னு சொன்னா போதும். நம்ம அரபு 'ஸைத்'தான் அது.

கீழக்கரைக்காரி:

லாத்தா, ஜஸாக்கல்லாஹு கைரன். தம்பி நேத்தே அந்த மூணு வார்த்தையையும் எழுதி அனுப்பிட்டான். கீழ்த்தளத்து அறையும் கேட்டிருக்கான். ரோட்டிலிருந்து பதினாலு படியாம், பக்கத்தில் பிடிச்சுக்கக் கம்பி இருக்குன்னு வீட்டுக்கார அம்மா படமே எடுத்து அனுப்பியிருக்காங்க. உம்மா அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்து ஒவ்வொரு படியா எண்ணினாங்க.

இன்னைக்கு ஸுபுஹு தொழுதுட்டு நான் அடுப்படிக்குப் போறேன், உம்மா ஸ்டூல் போட்டுப் பரண்ல கை விட்டுத் துழாவிக்கிட்டு இருக்காங்க. வாப்பாவுக்கு முட்டை பொரிக்கிற அந்தச் சின்ன இரும்புச் சட்டி. ரெண்டு வருசமா எடுக்காம துரு ஏறியிருந்தது. புளி போட்டுத் தேய்ச்சு, எண்ணெய் தடவி, இப்ப வெயில்ல வச்சிருக்காங்க.